கடைசி வரிசைக் கனம்

நான் இனிச் சொல்லப்போவதில் ஒரு வார்த்தை பொய்யாக இருந்தாலும், கண்ணாடித் தம்ளரில் ஊறிக்கொண்டிருக்கும் என் பல்செட்டு எழுந்து வந்து என்னையே கடிக்கட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் இப்போதைக்கு என்னிடம் கைவசம் இல்லை.

ஒரு விமான நிறுவனத்தில் கனமாக இருப்பது என் வேலையாக இருந்தது. கனமான வேலை செய்தேன் என்று சொல்லவில்லை. கனமாக இருப்பதே வேலை. பயணிகள் விமானத்தை அவ்வப்போது பழுது பார்க்க வேறோர் ஊரில் இருக்கும் பணிமனைக்கு ஓட்டிப்போவார்கள். அப்போது உள்ளே ஆள் இருக்காது, பெட்டி படுக்கை இருக்காது, சாப்பாட்டு வண்டிகூட இருக்காது. எங்களிடம் இருந்த ரக விமானத்துக்கு ஒரு குணம் உண்டு. காலியாக இருந்தால் மூக்கு கனத்துத் தரையைப் பார்க்க ஆரம்பித்துவிடும். அதற்காகப் பின் வரிசைகளில் மணல் மூட்டைகளை உட்காரவைத்து பெல்ட் போட்டுவிடுவார்கள். ஆனால் மணலை நம்ப முடியாது. மழைக்காலத்தில் ஒரு எடை, வெயில் காலத்தில் ஒரு எடை. ஒருமுறை மூட்டை பிரிந்து இருக்கைகளுக்கு இடையே கொட்டிவிட, துப்புரவுப் பெண்கள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியேறிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து நான் சாமான் ஏற்றி இறக்கும் வேலை கேட்டுப் போய் நின்றேன். எடை பார்க்கும் அதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்தார். அகலவாக்கில் இன்னொரு முறை பார்த்தார்.

"நீங்க சாமான் தூக்க வேணாண்ணே. நீங்களே சாமானா இருங்க" என்றார்.

அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். விமானத்தில் ஏறும் ஒவ்வொரு பொருளும் அவர் கையைத் தாண்டித்தான் ஏற வேண்டும். தன் மனைவிக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது ஆணா பெண்ணா என்று கேட்காமல் எத்தனை கிலோ என்று கேட்டவர். பெட்டிகளை நிறுக்கும் மேடையில் என்னை நிற்கவைத்தார். தொண்ணூற்றாறு. மறுநாளும் தொண்ணூற்றாறு. அடுத்த மாதமும் அதே. முள் நடுங்கக்கூட இல்லை. தராசு கண்கலங்கிவிட்டார். வாழ்க்கையில் நம்பத்தகுந்த ஒன்றை அவர் முதன்முறையாகப் பார்த்திருக்க வேண்டும்.

பதினேழாவது வரிசை, நடைபாதையோர இருக்கை. அதுதான் என் இடம். அந்த விமானத்தை ஓட்டியவர் ஒரு பெண்; கேப்டனம்மா என்று கூப்பிடுவேன். கிளம்புவதற்கு முன் ஏணிப்படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு காகிதக் கோப்பையில் தேநீர் குடிப்போம். இவ்வளவு பெரிய இரும்பு எப்படி மேலே நிற்கிறது என்று ஒருநாள் கேட்டேன். அது இரும்பு இல்லை, அலுமினியம் என்று முதலில் திருத்தினார். பிறகு கோப்பையைப் படியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் காட்டினார்.

"நாலு பேரு சண்டை போடறாங்க ஐயா. எடை கீழ இழுக்குது. இறக்கை மேல தூக்குது. இன்ஜின் முன்னால தள்ளுது. காத்து பின்னால பிடிச்சு இழுக்குது. மேல போய் நிதானத்துக்கு வந்தப்பறம் பாத்தீங்கன்னா, நாலும் சரிக்குச் சமம். யாரும் ஜெயிக்கறதில்ல."

"யாருமே ஜெயிக்கலேன்னா எப்படிம்மா போகுது?"

"அதனாலதான் போகுது. சண்டை சமமா இருந்தா, போறது அது பாட்டுக்கு நேரா போய்க்கிட்டே இருக்கும்."

"எங்க வீடும் அப்படித்தான். ஆனா ரெண்டே பேர்ல முடிச்சுக்கறோம்" என்றேன்.

வாலில் இருக்கும் சின்ன இறக்கையைப் பற்றியும் சொன்னார். அதுவும் தூக்குகிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லையாம். பெரிய இறக்கை பாடுபட்டு மேலே தூக்க, வால் இறக்கை கீழே அழுத்துகிறதாம். அது அழுத்தாவிட்டால் மூக்கு தொங்கிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு அது இடைஞ்சல் செய்வது போலத் தெரியும். அதற்கும் ஓர் அளவு உண்டு. மூக்கு ரொம்பக் கனத்தால் வாலால் மட்டும் சமாளிக்க முடியாது, அங்கேதான் நான் வருகிறேன். இதை வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அப்ப நான்தான் வாலுன்னு சொல்ல வரீங்க" என்றாள்.

"உயர்வாத்தான்டி சொன்னேன்."

"தெரியும் தெரியும். இந்த முட்டையையும் சாப்பிடுங்க. நீங்க சாப்பிடறது உங்களுக்கில்ல, அந்த ஏரோப்ளேனுக்கு."

என் எடை நிலையாக இருந்ததற்கு அவள்தான் காரணம். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு எடை மெஷின் வைத்திருந்தாள். கொஞ்சம் கூடினால் உருளைக்கிழங்கு நின்றுவிடும். குறைந்தால் வெண்ணெய் வந்துவிடும். சுவர்ப் பக்கம்தான் படுப்பாள். ரேடியோவில் செய்தி வாசிப்பவரோடு தினமும் வாதாடுவாள், பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள். தேய்ந்த சோப்புத் துண்டை எறிய மனம் வராமல் புதுச் சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பாள். எங்கள் வீட்டில் எல்லா சோப்புக்கும் திமில் இருக்கும். எங்கள் கூரைக்கு மேலேதான் விமானங்கள் இறங்கும். ஒவ்வொரு முறை சத்தம் கேட்கும்போதும் ஓடிப்போய் பால் பாத்திரத்தை மூடுவாள். மேலே இருந்து எதுவும் விழாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்கமாட்டாள். "உங்களை ஏத்திக்கிட்டுப் போறாங்களே, அதைப் பாத்தப்பறமும் நம்பறதா?" என்பாள்.

பிறகு அவள் இறந்துபோனாள். இந்த இடத்தில் மழை பெய்தது என்று சொன்னால் நன்றாக இருக்கும், ஆனால் பெய்யவில்லை. நல்ல வெயில். துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனவள், கிளிப்பை வாயில் கவ்வியபடியே சுவரோரம் உட்கார்ந்தாள். நான் போய்ப் பார்த்தபோது கொடியில் துணி பாதி காய்ந்திருந்தது. வாயிலிருந்து கிளிப்பை எடுத்து மீதித் துணியைக் காயப்போட்டேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆள் போன வீட்டில் சத்தம் போய்விடும் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டில் சத்தம் கூடியது. குழாய் சொட்டுவது, அலமாரிக் கதவு தானாகத் திறப்பது, ரேடியோ செய்தியாளர் எதிர்த்துப் பேச ஆளில்லாமல் வாய்க்கு வந்ததைச் சொல்வது. கட்டில் என் பக்கமாகச் சாய்ந்துகொண்டது. நடுவில் நகர்ந்து படுத்தால் சரியாகிவிடும். தராசைக் கேட்டால் எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டே கொடுத்திருப்பார். நான் நகரவில்லை. சாய்ந்த கட்டிலிலேயே, உருண்டு விழாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகினேன்.

அடுத்த பயணத்தின்போது மேடையில் ஏறினேன். முள் நடுங்கியது.

"அண்ணே, ஷூவைக் கழட்டிட்டு ஏறினீங்களா?"

"போட்டுக்கிட்டுதான்பா இருக்கேன்."

தராசு தன் எடைக்கற்களை வைத்து மேடையைச் சோதித்தார். பிறகு தானே ஏறி நின்று பார்த்தார். "மெஷின் சரியாத்தான் இருக்கு. பழுது உங்ககிட்டதான்" என்றார். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்துகொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணு புரியலண்ணே. வீட்ல யாராவது போயிட்டா மனசு கனக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்கம்மா போனப்ப நானுந்தான் சொன்னேன். ஆனா கனம் எங்க போகுது? தராசுல ஏறலியே!"

எனக்கும் புரியவில்லை. என் அனுபவத்தில் கனம் எல்லாம் போகிறவரோடு போய்விடுகிறது. மீந்திருப்பவன் காற்றடித்தால் பறக்கிற நிலையில் இருக்கிறான். தெருவில் பேருந்து வேகமாகக் கடந்தால் நான் ஒரு பக்கமாக ஒதுங்கி விழுந்தேன். மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். மளிகைக்கடைக்காரர் தன் மின்விசிறியை எனக்காக அணைத்து வைத்ததை அந்தத் தெருவே பார்த்தது.

அடுத்த முறை சட்டைக்குள் சில பொருள்களை வைத்துக்கொண்டு போனேன்.

"வயித்துல என்னண்ணே புடைச்சிட்டிருக்கு?"

"இஸ்திரிப் பெட்டி."

"சூடா இருக்கா?"

"இல்ல."

"அப்ப சரி" என்று அந்த ஒரு முறை விட்டுவிட்டார். ஆனால் அவர் மனசாட்சியும் ஒரு தராசுதான். அதற்கடுத்த முறை பைகளைக் காலி செய்யச் சொன்னார். இரண்டு பூட்டு, ஒரு சுத்தியல், குழாய்த் திருகி, என் மனைவி கதவு அடிக்காமல் இருக்க முட்டுக்கொடுக்கும் கல், எல்லாம் மேசைமேல் வரிசையாக உட்கார்ந்தன. "மனுஷன்னு எழுதினா மனுஷன் மட்டுந்தான் இருக்கணும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டார். "வேற ஒரு வழி இருக்கு. பூங்காவுல சீசா பலகை பாத்திருக்கீங்கல்ல? நடுவுக்குக் கிட்ட உக்காந்த குண்டனை, நுனியில உக்காந்த ஒல்லிப்பிச்சான் தூக்கிடுவான். எடை குறைஞ்சா தூரத்தைக் கூட்டணும். நீங்க ஒரு வரிசை பின்னால போய் உக்காருங்க."

இப்படித்தான் ஆரம்பித்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. நான் இளைக்க இளைக்க ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் தள்ளினார்கள். முன்பெல்லாம் கேப்டனம்மா கதவைத் திறந்து வைத்தால் அவருடைய பின்னந்தலை தெரியும், துணை விமானியோடு சிரிப்பது கேட்கும். இருபதாவது வரிசையிலிருந்து தலை தெரியவில்லை. இருபத்திரண்டிலிருந்து சிரிப்பு கேட்கவில்லை. இருபத்திரண்டுக்கு ஜன்னலும் கிடையாது, கழிப்பறைச் சுவர்தான். இன்ஜின் சத்தத்தில் காலி இருக்கைகள் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருக்கும், ஏதோ நான் சொன்னதை ஒப்புக்கொள்வதுபோல.

நான் ஏன் வேலையை விட்டு நின்றுகொள்ளவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சம்பளத்துக்காக இல்லை. வீட்டில் நான் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் எதுவும் அசைவதில்லை. இந்த உலகத்தில் நான் எழுந்து போனால் ஏதோ ஒன்று சாயும் என்ற இடம் அந்த இருக்கை ஒன்றுதான். அதை விட்டுவிட்டால் நான் இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியவருவதற்கு ஒரு வழியும் இல்லை.

ஒருநாள் வானத்தில் இருக்கும்போது இண்டர்காம் அடித்தது.

"ஐயா, எழுந்துட்டீங்களா?" கேப்டனம்மா.

"இல்லம்மா. உக்காந்துதான் இருக்கேன்."

"பெல்ட் போட்டிருக்கீங்களா?"

"போட்டிருக்கேன்."

"ஒண்ணுமில்ல ஐயா. நீங்க இல்லாத மாதிரியே பறக்குது."

அதற்குப் பிறகு கழிப்பறைக்குள் உட்கார்ந்து போனேன். அதன் பிறகு அதற்கும் பின்னால், சின்னக் கதவு வழியாகத் தவழ்ந்து போனால் வரும் வால்கூட்டுக்குள். அங்கே விமானம் குறுகிக்கொண்டே போகும். மீன் முள்ளைப்போல இருபுறமும் சட்டங்கள். அங்கும் போதவில்லை. தராசு கணக்குப் போட்டுவிட்டு, நெடுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுப்பா."

"கணக்குப்படி நீங்க விமானத்துக்கு வெளிய, ஒரு பஸ் நீளம் தள்ளி உக்காரணும்ணே."

"எதுமேலப்பா உக்கார்றது?"

"அது கணக்குல வராது." பென்சிலைப் பையில் போட்டார். "இன்னொண்ணும் சொல்லிடறேன். மேலிடத்துல பிளாஸ்டிக் பீப்பாயில தண்ணி ரொப்பி வெச்சிடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க. வந்து எறங்கியாச்சு, குடோன்ல நிக்குது. நான் கெஞ்சி ஒரு டிரிப் வாங்கியிருக்கேன். இன்னிக்கு மூக்கு நின்னா நீங்க. நிக்கலேன்னா பீப்பா."

குடோனை எட்டிப் பார்த்தேன். நீல நிறத்தில், மூடி போட்டு, வரிசையாக நின்றன. நல்ல பீப்பாய்கள்தான். அவற்றின் வீட்டில் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

கயிறு நைலான். ஒரு முனையை வாலின் அடியில் ஒரு வளையத்திலும், மறு முனையை என் இடுப்பிலும் கட்டினார்கள். காதில் ஹெட்ஃபோன், வாயருகே மைக், கயிற்றோடு சுற்றி வந்த ஒயர். விமானத்தின் பின்னால் ஆளைக் கட்டி இழுக்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. என் மனைவி பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டு, மேலே கோட்டு. ஓடுபாதையில் முதலில் நடந்தேன், பிறகு ஓடினேன், பிறகு என் கால்கள் ஓட்டத்தை விட்டுவிட்டதை நான் கவனிக்கவே இல்லை.

விமானம் எப்படிப் பறக்கிறது என்பதை ஒரு பஸ் நீளம் பின்னால் இருந்து பார்த்தால்தான் தெரியும். இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. தள்ளிய வேகத்துக்குக் காற்று அதை மேலே தள்ளுகிறது. அவ்வளவுதான் சங்கதி. கீழே தள்ளப்பட்ட அந்தக் காற்று என் முதுகில்தான் வந்து விழுந்தது. பழக்கப்பட்ட கை ஒன்று 'போங்க, போங்க' என்று தட்டுவது போலிருந்தது. மேலே போய் நிதானத்துக்கு வந்ததும், நாலு பேரும் என்னிடமும் வந்து சேர்ந்தார்கள். கொஞ்சநஞ்சம் மிச்சமிருந்த எடை கீழே. உப்பிய கோட்டு மேலே. கயிறு முன்னால். காற்று பின்னால். எல்லாம் சமம். இவ்வளவு சண்டைக்கு நடுவில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. சமமாக இருப்பது எவ்வளவு தனிமையான காரியம் என்று அங்கே தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"ஐயா, நீங்க வாலைத் தூக்கறீங்க. கையை மடக்குங்க."

"மடக்கிட்டேன்மா."

"கோட்டு பட்டனைப் போடுங்க."

போட்டேன். விரல் மரத்துப்போயிருந்தது. முன்னால் விமானத்தின் வால் மெல்ல உயர்வதும், அதற்கப்பால் மூக்கு மறைவதும் தெரிந்தது.

"இன்னும் போதல. மூக்கு இறங்குது. ஏதாவது கனமா நினைங்க ஐயா."

"பீப்பாயை நினைக்கவா?"

அவர் சிரிக்கவில்லை. "உங்க வீட்டம்மாவைப் பத்திச் சொல்லுங்க. இத்தனை நாள் தேநீர் குடிச்சிருக்கோம், அவங்களைப் பத்தி ஒரு வரிக்கு மேல பேசினதில்ல நீங்க."

"என்னம்மா சொல்றது? எல்லாரையும் மாதிரிதான்."

"எல்லாரையும் மாதிரி இருந்தா மூக்கு நிக்காது ஐயா. சரியா சொல்லுங்க."

நான் சோப்பில் ஆரம்பித்தேன். திமில் உள்ள சோப்பு என்றதும் அவர் 'என்னது?' என்றார், விளக்கினேன். பால் பாத்திரத்தைச் சொன்னேன். ரேடியோவைச் சொன்னேன். அதற்குமேல் யோசிக்காமலே வந்தது. செருப்பைப் போடும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள், சுவரில் அந்த இடம் மட்டும் எண்ணெய்க் கறுப்பாக இருக்கும். கோபம் வந்தால் என்னிடம் பேசமாட்டாள். நாற்காலியிடம் சொல்லி எனக்குச் சொல்லச் சொல்வாள். தும்மல் வந்தால் ஒன்றோடு நிற்காது, வரிசையாக வரும், கடைசித் தும்மலுக்குப் பிறகு யாரோ பாராட்டியதைப்போல வெட்கப்படுவாள். தூக்கத்தில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். நான் எழுந்து போனால் இழுபடும், விழித்துக்கொள்வாள், "எங்க?" என்பாள். தண்ணி குடிக்கத்தான் என்பேன். "சரி" என்று விட்டுவிடுவாள்.

கயிறு இறுகியது. கோட்டின் தோள்பட்டை என் மேல் வந்து உட்கார்ந்தது. வயிற்றில், இஸ்திரிப் பெட்டி இருந்த இடத்தில், அதைவிடக் கனமாக ஒன்று.

"வருது ஐயா" என்றார் கேப்டனம்மா. "மூக்கு வருது. நிறுத்தாதீங்க. அவங்க பேரு என்ன?"

காற்று அந்தக் கேள்வியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் வேறொன்றைச் சொன்னேன். மழை விட்ட பிறகும் குடையை மடக்காமல் கொஞ்ச தூரம் நடப்பாள், ஏன் என்று கேட்டால் இதுக்குள்ள நம்ம ரெண்டு பேரும் கிட்ட இருக்கோம்ல என்பாள், அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. காதில் அவர் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மூக்கு நின்றது. இறங்கும் வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்து, கீழே வெட்டவெளிமேல் விமானத்தின் நிழல் ஓடியது, வேலிகளில் ஏறி, குட்டைகளில் இறங்கி. அதற்குப் பின்னால், நூலில் கட்டி இழுத்ததுபோல, இன்னொரு சின்ன நிழல் ஓடியது. ஓர் ஆளுக்கு அது சற்று அகலம். இரண்டு பேர் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப்போல இருந்தது.

தம்ளருக்குள் பல்செட்டு அசையும் சத்தம் கேட்கிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆனதில்லை.